லவ் பேர்ட்ஸோட சொந்த ஊரு

மதுரை செல்லூர்ல எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ ஒரு கம்பிவலைக் கூண்டு இருந்துச்சு. பழைய கட்டில் சட்டத்த அறுத்து அப்பாவே அடிச்ச கூண்டு. உள்ள ஆறு லவ் பேர்ட்ஸ், ரெண்டு பச்சை, மூணு நீலம், ஒண்ணு வெள்ளையும் இல்லாம மஞ்சளும் இல்லாம ஒரு கலரு. மூலைக்கு மூலை சின்ன மண்பானை, பக்கவாட்டுல ஓட்டை போட்டு கம்பில கட்டித் தொங்க விட்டுருக்கும், அதுக்குள்ளதான் முட்டை வைக்கும். தினை வாங்கிட்டு வர்றது என் வேலை, தண்ணி மாத்துறது தங்கச்சி வேலை, மூக்கு நீலமா இருந்தா ஆம்பளை பழுப்பா இருந்தா பொம்பளைன்னு தெருவுல போறவன் வர்றவனுக்கெல்லாம் கிளாஸ் எடுக்குறது அப்பா வேலை. ஒரு நாள் கூண்ட கழுவுறேன்னு நான் கதவ சாத்தாம விட்டதுல ஒரு நீலம் வெளிய போயிருச்சு. எதுத்த வீட்டு ஆன்டெனால போய் ஒக்காந்துச்சு, ஒக்காந்து ரெண்டு நிமிஷம் ஆகல, நாலு காக்கா வந்துருச்சு. மீதிய எழுத வேணாம்.

இத எதுக்கு சொல்றேன்னா அந்தப் பறவைக்கு ஒரு ஊரு இருக்கு, அது அங்க கூண்டு இல்லாம ஆயிரக்கணக்குல பறந்துட்டு இருக்குங்கற விஷயமே எனக்கு மெல்பர்ன் வந்து நாலு வருஷம் கழிச்சுதான் தெரியும். சொன்னது கூட வேலை பாக்குற ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். ஆபீஸ்ல எல்லாரும் பேரச் சொல்லி கூப்புடுவாங்க, எனக்கு அவரு அண்ணை. சின்ன வயசுல யாழ்ப்பாணக் கடல்நீரேரில பூநாரை எண்ணிட்டுத் திரிஞ்ச ஆளு, இங்க வந்து 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னமும் கழுத்துல பைனாகுலர் இல்லாம பால் வாங்கக்கூட போக மாட்டாரு. லஞ்ச்ல பேசிட்டு இருக்கும்போது லவ் பேர்ட்ஸ் வளத்தோம்னு வாய விட்டுட்டேன். "தம்பி, நீர் வளத்தது லவ் பேர்டே இல்லை. லவ் பேர்ட் ஆப்பிரிக்காப் பறவை. உம்மட வீட்டில இருந்தது பட்ஜி, பட்ஜெரிகார். இந்த நாட்டிண்ட நடுவில இருக்கிற சாமான்" அப்படின்னாரு. சொல்லிட்டு சும்மா இருந்திருக்கலாம், "வாரும், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்"னு ஒரு வார்த்தைய விட்டாரு, நான் புடிச்சுக்கிட்டேன்.

இதுக்கு நடுவுல ஒரு மைனா கதை. எங்க வீட்டுப் பின்னாடி நம்மூரு மைனாவேதான் சுத்திட்டு இருக்கும், அசலா அதே மஞ்சக்கண்ணு. பூச்சி திங்கும்னு 1862-ல மெல்பர்ன்ல கொண்டாந்து விட்டுருக்காங்க, அது பூச்சியோட சேத்து இந்த ஊரு பறவைங்களோட மரப்பொந்தையும் புடிச்சுக்கிச்சு. பக்கத்து வீட்டுப் பெரியவரு ஒரு நாள் வேலிக்கு மேல எட்டிப் பாத்து "இந்த இந்தியன் மைனா எல்லாத்தையும் ஒழிக்கணும்"னாரு. என் மூஞ்சியப் பாத்துட்டே சொன்னாரு. சொன்னப்புறம் அவருக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு போல, மறுநாள் எலுமிச்சம்பழம் ஒரு பை நிறைய கொண்டாந்து குடுத்தாரு. அந்த எலுமிச்சம்பழத்துக்கு என்ன ஆச்சுன்னு பின்னாடி வருது.

ரூட்ட அண்ணைதான் போட்டாரு. மெல்பர்ன்ல இருந்து மில்டுரா, அங்கேருந்து சவுத் ஆஸ்திரேலியாவுக்குள்ள பூந்து ஃப்ளிண்டர்ஸ் ரேஞ்சஸ் ஓரமா மேல ஏறி லிண்ட்ஹர்ஸ்ட், மரீ, அப்புறம் பேர்ட்ஸ்வில் ட்ராக். மரீல இருந்து பேர்ட்ஸ்வில் 517 கிலோமீட்டர், மண்ணு ரோடு, நடுவுல ஒரே ஒரு எடத்துலதான் பெட்ரோல். ஜூலை மாசம், அங்க அது குளிர்காலம். வெயில் காலத்துல அங்க போறது தற்கொலைன்னு அண்ணை சொல்லிட்டாரு. அவரோட பழைய லேண்ட் க்ரூசர்ல ரெண்டு ஸ்டெப்னி, ஜெர்ரி கேன்ல டீசல், 80 லிட்டர் தண்ணி, சாட்டிலைட் போன், யூஎச்எஃப் ரேடியோ, ரெண்டு ஸ்வாக். ஸ்வாக்னா கேன்வாஸ் துணில தைச்ச பை மாதிரி, உள்ள மெத்தை இருக்கும், அப்படியே சுருட்டி வண்டி மேல கட்டிக்கலாம், விரிச்சா படுக்கை. என் பங்குக்கு புளிக்காய்ச்சல், ரசப்பொடி, ஊறுகா, தக்காளி ரெண்டு கிலோ, பச்சமிளகா, அந்தப் பெரியவர் குடுத்த எலுமிச்சம்பழம். அப்புறம் ஆஃபர்ல வாங்குன ஒரு ஸ்லீப்பிங் பேக். இதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

மில்டுரா தாண்டி பார்டர்ல யாம்பான்னு ஒரு எடம், அங்க குவாரன்டைன் செக்போஸ்ட். பழ ஈ உள்ள வந்துரக்கூடாதுன்னு பழம் காய்கறி எதையும் விட மாட்டாங்க. அந்தம்மா ரொம்ப மரியாதையாதான் கேட்டாங்க, ஃப்ரிட்ஜ திறக்கச் சொன்னாங்க, தக்காளி போச்சு, மிளகா போச்சு, எலுமிச்சம்பழம் மொத்தமும் போச்சு. ஊறுகா பாட்டில மட்டும் தூக்கிப் பாத்துட்டு மூடியத் திறந்து ஒரு மோப்பம் புடிச்சுட்டு கண்ணுல தண்ணி வர திருப்பிக் குடுத்துட்டாங்க. அண்ணைக்கு இந்த ரூல் நல்லாத் தெரியும், பத்து தடவைக்கு மேல வந்துருக்காரு. ஏண்ணை சொல்லலைன்னா "நீர் கேக்கேல்லையே"ங்கறாரு. அவரு மட்டும் பருத்தித்துறை வடை ஒரு டின் கொண்டாந்துருந்தாரு, அது எந்த பார்டர்லயும் மாட்டாது. ட்ரிப் முழுக்க தக்காளி இல்லாத ரசம்தான்.

ஃப்ளிண்டர்ஸ் ரேஞ்சஸ் பத்தி தனியா எழுதணும், இங்க வேணாம். மலை, கங்காரு, ஆரஞ்சு கலர் சாயங்காலம், போட்டோ எல்லாம் நல்லா வந்துச்சு.

லிண்ட்ஹர்ஸ்ட்ல இருந்து ஸ்ட்ரெஸ்லெக்கி ட்ராக்ல கொஞ்ச தூரம் கிழக்க போனா ஒரு கல்லுக்காடு, முழங்கால் ஒசரத்துக்கு உப்புச்செடி புதரு, அவ்ளோதான். அங்க செஸ்ட்நட் பிரெஸ்டட் வைட்ஃபேஸ்னு ஒரு பறவை. சிட்டுக்குருவிய விட சின்னது, நெஞ்சுல செங்கல் கலர்ல ஒரு பட்டை. உலகத்துலயே சவுத் ஆஸ்திரேலியாவுலதான் இருக்கு, அதுலயும் இந்த மாதிரி காஞ்ச எடங்கள்ல மட்டும். அண்ணை இதுக்குன்னே மூணு தடவ வந்து மூணு தடவையும் பாக்காம போயிருக்காரு. காலைல ஏழு மணிலேருந்து நடக்குறோம். நடக்குறது, நிக்குறது, காது குடுத்துக் கேக்குறது, மறுபடி நடக்குறது. சினமன் குவெயில்த்ரஷ் ஒரு ஜோடி பாத்தோம், எலி மாதிரி புதருக்குள்ள ஓடுற கிராஸ்ரென் ஒண்ணு, பேண்டட் வைட்ஃபேஸ் ஒரு கூட்டம். இந்த பேண்டட்ட தூரத்துல பாக்கும்போதெல்லாம் அண்ணைக்கு மூச்சு நின்னு போகும், கிட்டப் போனா நெஞ்சுல கறுப்புப் பட்டை, செங்கல் கலர் இல்ல. பதினோரு மணிக்கு ஒரு கல்லு மேல ஒக்காந்து ஒரு வடைய ரெண்டா ஒடைச்சு எனக்குப் பாதி குடுத்தாரு. "நாலாவது தரம்"னு மட்டும் சொன்னாரு. நான் ஒண்ணும் பேசல, அந்த நேரத்துல ஆறுதல் சொன்னா அடி விழும்.

மரீ சின்ன ஊரு ஆனா கதை பெருசு. 1980 வரைக்கும் நாட்டுக்கு நடுவுல ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போற கான் ரயில் இது வழியாதான் போச்சு, பாதைய மேற்க மாத்துனதும் ஸ்டேஷன் மட்டும் நிக்குது, தண்டவாளத்துல பழைய இன்ஜின் துருப்புடிச்சுக் கிடக்கு. ரயிலுக்கும் முந்தி இங்க எல்லா சாமானும் ஒட்டகத்துலதான். ஒட்டகம் ஓட்டுனவங்கள ஆப்கான்னு பொதுவா சொல்வாங்க, அதுல நெறைய பேரு அப்பத்த பிரிட்டிஷ் இந்தியாக்காரங்க, பெஷாவர், பலுச்சிஸ்தான் பக்கம். அவங்க 1880கள்ல கட்டுன மசூதி இந்த நாட்டோட மொத மசூதிகள்ல ஒண்ணு, இப்ப அது மாதிரி ஒரு மண்ணு மாடல் கட்டி வச்சுருக்காங்க, நாலு கம்பம், மேல கூரை. லாரி வந்ததும் ஒட்டகத்த அவுத்து வுட்டுட்டாங்க, அதுங்க பெருகி இன்னும் பாலைவனத்துல சுத்துது. கொண்டாந்து வுடுறதும் அப்புறம் ஐயோன்னு அடிச்சுக்கறதும் இந்த நாட்டுக்குப் பழக்கம்தான் போல, மைனா ஞாபகம் வந்துச்சு.

ட்ராக் ஆரம்பத்துல ஒரு பெரிய போர்டு, ரோடு தொறந்துருக்கா மூடியிருக்கான்னு. மழை பெய்ஞ்சா மூடிருவாங்க, மூடுன ரோட்ல ஓட்டுனா பெரிய ஃபைன். அன்னிக்கு பச்சையா திறந்துருந்துச்சு. டயர் காத்த 30க்கு கீழ இறக்குனோம். கொஞ்ச தூரத்துல டாக் ஃபென்ஸ், டிங்கோ நாய் ஆட்டுப் பக்கம் வராம இருக்க போட்ட வேலி, மொத்தம் 5,600 கிலோமீட்டர் நீளம், நாம தாண்டுறது அதுல ஒரு மாட்டுத்தடுப்பு கம்பி அவ்ளோதான், டக்குனு போயிரும். அதுக்கு அங்கிட்டு டிங்கோ ராஜ்யம்.

மொத நாள் ராத்திரி கூப்பர் க்ரீக் பக்கம் கேம்ப். க்ரீக்னு சொல்றாங்க, பாதி நாள் மணலும் மரமும்தான். ஆனா குயின்ஸ்லாந்துல மழை கொட்டுனா அந்தத் தண்ணி மாசக்கணக்குல நடந்து இங்க வரும், வந்தா கிலோமீட்டர் கணக்குல அகலம். ஊருக்கே ஒரு சொட்டு மழை இருக்காது, வெள்ளம் மட்டும் வரும். 2010-11ல அப்படி வந்தப்போ வண்டியெல்லாம் ஃபெரில ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போயிருக்காங்க, பாலைவனத்துல ஃபெரி. நாங்க போனப்ப காய்ஞ்சு கிடந்துச்சு. மரத்துக்கு நேரா கீழ ஸ்வாக் விரிக்காதையும், கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறிஞ்சு விழும்னு அண்ணை சொன்னாரு, வெட்டவெளில விரிச்சோம்.

நெருப்பு மூட்டி ரசம் வச்சேன். குடிச்சுக்கிட்டே அவரு ஒரு கதை சொன்னாரு, 1963 டிசம்பர்ல இந்த ட்ராக்ல ஒரு குடும்பம், புருஷன் பொண்டாட்டி மூணு பசங்க, வழி தப்பிப் போய், வண்டிய விட்டு இறங்கி நடந்து, அஞ்சு பேரும் தண்ணி இல்லாம செத்துப் போயிட்டாங்க. "அதுதான் சொல்லுறன் தம்பி, என்ன நடந்தாலும் வாகனத்தை விட்டுட்டுப் போகாதையும்." தூங்கப் போற நேரத்துல சொல்ற கதையா இது.

தூக்கம் எங்க வந்துச்சு. ஆஃபர்ல வாங்குன ஸ்லீப்பிங் பேக்ல 10 டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டுருந்துச்சு, ராத்திரி அது ரெண்டோ மூணோ. இருக்குற துணியெல்லாம் போட்டு, மேல மழைக்கோட்டு போட்டு, கால்ல ரெண்டு ஜோடி சாக்ஸ், அப்பவும் பல்லு தந்தி அடிக்குது. பதினோரு மணிக்கு எங்கயோ டிங்கோ ஊளை. நம்மூரு நாய் ஊளை மாதிரி இல்ல, ஒண்ணு ஆரம்பிச்சு நிறுத்தும், ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு வேற பக்கத்துல இருந்து எடுக்கும். தலைய வெளிய நீட்டுனா மேல பால்வீதி. இங்கத்த பழங்குடி மக்கள் நட்சத்திரத்த விட்டுட்டு நடுவுல இருக்குற இருட்டப் பாப்பாங்க, அந்த இருட்டுல ஒரு ஈமு படுத்துருக்கும், சதர்ன் கிராஸ் பக்கத்துல தலை, பால்வீதி நெடுக கழுத்தும் ஒடம்பும். அண்ணை சாயங்காலமே கை நீட்டிக் காட்டுனாரு, அப்ப எனக்குப் புரியல. குளிர்ல நடுங்கிட்டு அரைமணி நேரம் முறைச்சுப் பாத்ததுல திடீர்னு தெரிஞ்சுது, தெரிஞ்சப்புறம் அதப் பாக்காம இருக்க முடியல. காலைல ஸ்வாக் மேல வெள்ளையா உறைபனி. பட்ஜி ஒரு பத்து பதினஞ்சு மட்டும் கிறீச்சுன்னு தலைக்கு மேல போச்சு, நான் கண்ணாடி தேடுறதுக்குள்ள காணும். இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்னு மனசுக்குள்ள நெனச்சேன், வெளிய சொல்லல.

மறுநாள் முங்கரானி. மரீல இருந்து 200 கிலோமீட்டர் சொச்சம், ஒரு ஹோட்டல், ஒரு பெட்ரோல் பம்ப்பு, பின்னாடி கேம்ப் போட எடம், அவ்ளோதான் ஊரு. ஹோட்டல்னா இட்லி கிடைக்குற ஹோட்டல் இல்ல, பப். ஆனா அந்த எடத்தோட விசேஷம் தண்ணி. இந்த நாட்டுல அஞ்சுல ஒரு பங்கு நெலத்துக்கு அடியில கிரேட் ஆர்ட்டீசியன் பேசின்னு ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கு, இங்க போர் போட்டா மோட்டார் இல்லாம தானா பீச்சிட்டு வரும், அதுவும் கொதிக்கக் கொதிக்க. அந்த போர் தண்ணி ஓடி தேங்கி ஒரு நீளமான குளம் ஆயிருச்சு, சுத்தி நாணல், கூலிபா மரம். சுத்துவட்டாரத்துல நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்குக் காய்ஞ்ச நிலம், நடுவுல இது. பறவைக்குத் தெரியாதா என்ன. பெலிக்கன், அவோசெட், ஸ்பூன்பில், வாத்து வகை என்னென்னமோ, மேல வட்டம் போடுறது கள்ளப்பருந்து, நம்ம ஊரு குப்பைமேட்டு மேல சுத்துமே அதே இனம், பேரு கூட ஒண்ணுதான். அத்தனை புதுப் பறவைக்கு நடுவுல அதப் பாத்ததும் பஸ் ஸ்டாண்டுல பக்கத்து வீட்டுக்காரரப் பாத்த மாதிரி இருந்துச்சு. அந்தத் தண்ணில டீ போட்டா மட்டும் லேசா அழுகுன முட்டை வாசம் வரும். அண்ணை பழகிட்டாரு.

மறுநாள் விடியக்காலம் ஆறரை. குளத்தோரமா ஒரு சாஞ்ச மரத்துக்குப் பக்கத்துல ஒக்காந்துருக்கோம். ஆட வேண்டாம்னு அண்ணை கையால அமுக்குனாரு. மொதல்ல சத்தம்தான் வந்துச்சு. அந்தச் சத்தத்த நான் எப்படி சொல்றது, எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ காலைல ஆறு பறவை போடுற சத்தம், அந்த கிசுகிசு கிறீச், அதையே ஆயிரத்தால பெருக்கி வானத்துல விட்டா எப்படி இருக்கும் அது. தூரத்துல கொசுக்கூட்டம் மாதிரி தெரிஞ்சுது, அப்புறம் அது மொத்தமா திரும்புச்சு பாருங்க, திரும்புன நொடில எல்லாமே பச்சையா மின்னுச்சு, மறுபடி திரும்புச்சு, மஞ்சளா ஆச்சு, ஒருத்தன் பெரிய பட்டுத்துணிய ரெண்டு கையால புடிச்சு உதறுற மாதிரி. ஒரு ரெண்டாயிரம் இருக்கும்னு நான் நெனச்சேன், அண்ணை மூணுக்கு மேலன்னாரு. குளத்துக்கு மேல வரும், எறங்குற மாதிரி வரும், எறங்காது, சர்ருனு மேல போயிரும். பல தடவ அப்படி. பருந்து இருக்கான்னு பாக்குதுங்களாம். கடைசில ஒரு நாலஞ்சு தைரியசாலி கரைல எறங்குச்சு, அவ்ளோதான், மழை கொட்டுன மாதிரி மொத்தமும். கரை பச்சை ஆயிருச்சு. எடம் கிடைக்காதது ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, சிலது தண்ணி மேலயே ஒரு நொடி படுத்து ஒரு வாய் குடிச்சுட்டு எந்திரிக்குது. ரெக்கைக் காத்து மூஞ்சில பட்டுச்சு, சத்தியமா. இருவது செகண்டு இருக்கும். எங்கேருந்தோ ஒரு ஃபால்கன் கறுப்பா கோடு மாதிரி வந்துச்சு, அத்தனையும் ஒரே சத்தத்தோட எழும்பி ரெண்டா பிரிஞ்சு அது நடுவுல ஓட்டை விட்டு, ஃபால்கன் வெறுங்கையோட போச்சு. வாய் தொறந்தபடியே இருந்துருக்கேன் போல, ஈ உள்ள போயிருச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். கூட்டம் போனதும் அண்ணை அந்த சாஞ்ச மரத்தக் காட்டுனாரு. கிளை ஒடைஞ்ச எடத்துல ஒரு ஓட்டை, எலுமிச்சம்பழம் நுழையுற அளவு. அதுக்குள்ள இருந்து ஒரு தலை எட்டிப் பாத்துச்சு, மூக்கு பழுப்பு. கொஞ்ச நேரத்துல நீல மூக்கு ஒண்ணு பறந்து வந்து ஓட்டை விளிம்புல தொத்திக்கிட்டு, தலைய மேலயும் கீழயும் ஆட்டி ஆட்டி, வயித்துல இருந்து எடுத்து அதுக்கு ஊட்டுச்சு. நான் இத எத்தனை நூறு தடவ பாத்துருக்கேன், பானை ஓட்டைல. அதே ஆட்டல், அதே சத்தம். நாம ஏன் பானை கட்டுறோம்னு எனக்குத் தெரிஞ்சதே இல்ல, எல்லாரும் கட்டுனாங்க நாமளும் கட்டுனோம். அந்தப் பானை இந்த மரம்தான். 1840-ல ஜான் கூல்டுன்னு ஒருத்தரு உயிரோட ரெண்ட இங்கிலாந்துக்குக் கொண்டு போனாரு, அங்க ஆரம்பிச்சுது இந்தக் கூண்டு வியாபாரம், நீலம் வெள்ளையெல்லாம் அப்புறம் ஐரோப்பாவுல கூண்டுக்குள்ள பொறந்த கலருங்க. செல்லூர் கூண்டுல இருந்தது எத்தனாவது தலைமுறையோ, ஒரு மரத்தக்கூடப் பாக்காத தலைமுறை, அதுக்கும் ஓட்டைக்குள்ள போய் முட்டை வைக்கணும்னு தெரிஞ்சுருக்கு. ஆன்டெனால போய் ஒக்காந்துச்சே, அதுக்குத் தெரியாதது காக்கா மட்டும்தான். இங்க பழகுனது கூட்டமா இருந்தா தப்பிக்கலாம்னு, அங்க அது ஒத்தையா இருந்துச்சு. அண்ணை என்னப் பாத்தாரு, ஒண்ணும் கேக்கல, ஃப்ளாஸ்க்ல இருந்து அந்த முட்டை வாச டீய ஊத்தி நீட்டுனாரு.

அதே கரைல ஜீப்ரா ஃபின்ச், காக்கட்டீல் எல்லாம் வந்துச்சு. நம்மூரு பறவைக்கடைல போய் நின்னா லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கு அடுத்தடுத்த கூண்டுல இருக்குமே, அந்த மூணும் இங்க ஒரே குளத்துல தண்ணி குடிக்குது. ஃபின்ச் மத்த குருவி மாதிரி தலைய தூக்கித் தூக்கிக் குடிக்காது, புறா மாதிரி அலகை முக்கி உறிஞ்சிரும், சீக்கிரம் குடிச்சுட்டு சீக்கிரம் ஓடத்தான்.

முங்கரானி தாண்டுனா ஸ்டர்ட் ஸ்டோனி டெசர்ட். மணல் இல்ல, கல்லு, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் செவப்பா பாலிஷ் போட்ட கல்லு, கிப்பர்னு சொல்றாங்க. சார்லஸ் ஸ்டர்ட் 1844-45ல நாட்டுக்கு நடுவுல கடல் இருக்கும்னு நம்பி ஒரு போட்டையும் தூக்கிட்டு வந்தாரு, வந்து பாத்தது இந்தக் கல்ல. பாவம் மனுஷன். எங்களுக்கும் அங்கதான் பஞ்சர் ஆச்சு, சின்ன ஓட்டை இல்ல, பக்கவாட்டுல கத்தி வச்சு கிழிச்ச மாதிரி. இறங்கி ஜாக்கி போட்டு, நட்டெல்லாம் கழட்டி, டயர வெளிய இழுக்குற நேரத்துல அண்ணை "உஸ்ஸ்"ங்கறாரு. பத்தடி தூரத்துல ஒரு கல்லு மேல நிமிந்து நிக்குது ஒரு மஞ்சக்குருவி. கிப்பர்பேர்ட். இந்த மாதிரி கல்லுக்காட்டுல மட்டும் இருக்குறது, தேடுனா கிடைக்காதாம். அண்ணை கைல இருந்த ஸ்பேனர அப்படியே போட்டுட்டு கேமராவ எடுத்துக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு பின்னாடியே போயிட்டாரு. குருவி ஒரு கல்லு தாண்டும், அவரு ரெண்டடி போவாரு, அது இன்னொரு கல்லு. நான் மூணு சக்கரத்துல நிக்குற வண்டியோட தனியா. வாகனத்தை விட்டுட்டுப் போகாதையும்னு சொன்ன ஆளு. முக்கா மணி நேரம் கழிச்சு முழங்கால் ரெண்டுலயும் ரத்தத்தோட திரும்பி வந்தாரு, மூஞ்சில அப்படி ஒரு சிரிப்பு, வைட்ஃபேஸ் கடனெல்லாம் தீந்துபோச்சுங்கற மாதிரி. டயர் நான் மாத்தி முடிச்சுட்டேன்.

பேர்ட்ஸ்வில் நூத்துச் சொச்சம் பேரு இருக்குற ஊரு, 1884-ல கட்டுன கல்லு ஹோட்டல் ஒண்ணு. 1901-க்கு முந்தி இங்க ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி பிரிட்டிஷ் காலனி, மாட்டு மந்தை பார்டர் தாண்டும்போது வரி வசூல் பண்ண எடம் இது. அப்ப மாட்டுக்கு வரி, இப்ப என் தக்காளிக்கு குப்பைத்தொட்டி. அங்கத்த பேக்கரில ஒட்டகக்கறி பை சாப்ட்டோம், கறி மசாலா போட்டது, நம்மூரு மட்டன் பஃப்ஸ் கொஞ்சம் தடியா இருந்தா எப்படி அப்படி, அண்ணை ரெண்டு சாப்ட்டாரு. 35 கிலோமீட்டர் தள்ளி பிக் ரெட்னு ஒரு மணல்மேடு, 40 மீட்டர் ஒசரம். ஒரு பக்கம் பசங்க வண்டிய உறும விட்டு மேல ஏத்திட்டு இருக்காங்க, ஏறலைன்னா கைத்தட்டு, ஏறுனா அதவிடக் கைத்தட்டு. இன்னொரு பக்கம் நாங்க ரெண்டு பேரும் கேன்கிராஸ் புதருக்கு முன்னாடி திருடன் மாதிரி குந்திட்டு. ஐரியன் கிராஸ்ரென் அதுக்குள்ளதான் இருக்கு, 1874-ல ஒருத்தரு புடிச்சாரு, அப்புறம் ரொம்ப காலத்துக்கு யாரு கண்ணுலயும் சரியா படவே இல்ல. மணல்ல அதோட காலடி புள்ளி புள்ளியா புதருக்குப் புதரு ஓடுது, ஆளக் காணும். ஒரு மணி நேரத்துக்கப்புறம் அண்ணை முழுசா பாத்தேங்கறாரு. நான் பாத்தது வாலு. நேர்மையா எழுதுறேன், வாலு மட்டும்தான்.

ஊருக்குள்ள வந்ததும் அஞ்சு நாளைக்கப்புறம் போன்ல கோடு வந்துச்சு. மொத வேலையா குளத்து வீடியோவ அப்பாவுக்கு வாட்ஸ்ஆப்ல போட்டேன், போட்டு ரெண்டு நிமிஷத்துல கூப்புட்டாரு.

"என்னடா இது, எல்லாம் பச்சையாவே இருக்கு? நீலம் ஒண்ணு கூட இல்ல?"

"நீலமெல்லாம் கூண்டுலதாம்ப்பா. காட்டுல எப்பவாச்சும் பொறந்தாலும் தனியா தெரியும்ல, பருந்து மொதல்ல அதத்தான் அடிக்கும்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. லைன் போச்சோன்னு பாத்தேன்.

"ஆமாமா, நம்ம நீலத்த காக்கா அடிச்ச மாதிரி. நீ அழுதுட்டு ரெண்டு நாள் சாப்புடல" அப்படின்னாரு. அவருக்கு ஞாபகம் இருக்கும்னு நான் நெனக்கல. அப்புறம் உடனே, "சரி, அத்தன ஆயிரம் இருக்கே, பானை யாருடா வைக்கிறா அங்க?"

சொல்லி புரிய வைக்குறத விட காட்டிரலாம்னு மரப்பொந்து போட்டோவ அனுப்புனேன், ஓட்டைல தொத்திக்கிட்டு ஊட்டுறது. ரெண்டு ப்ளூ டிக் விழுந்துச்சு. ரொம்ப நேரம் பதில் இல்ல, பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துட்டு இருந்துருப்பாரு, அவருக்கு இப்ப கண்ணு வேற சரியா தெரியல. அண்ணை மூணாவது பை வாங்கிட்டு வெளிய வர்ற நேரத்துல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, நாலே செகண்டு.

"மூக்கு நீலம்டா. வெளிய நிக்குறது ஆம்பளை."